பாட்டும் பாத்தியதையும்

செங்கற்பட்டு ஜில்லாவில், மாமல்லபுரத்தை அடுத்து, பூஞ்சேரி என்றொரு கிராமம் இருக்கிறது. வெளியுலகம் அதிகம் அறியாதிருந்த அவ்வூர் அண்மையில் இரண்டு தடவை தேசமெங்கும் பிரஸ்தாபிக்கப்பட்டது. 2021-ம் வருஷம் நவம்பர் மாதம் 4-ந் தேதி, தீபாவளியன்று, முதல் மந்திரி திரு. மு. க. ஸ்டாலின் அங்கே நேரில் சென்று, நரிக்குறவர்க்கும் இருளர்க்கும் பட்டாக்களை வழங்கினார். ஒன்பது மாதத்திற்குள், 2022-ம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில், அதே பூஞ்சேரியில் 44-வது சதுரங்க ஒலிம்பியாட் தொடங்கிற்று. 180-க்கு மேற்பட்ட தேசங்களிலிருந்து ஆட்டக்காரர் வந்து, ஆகஸ்டு 10-ந் தேதி வரையில் அக்கடற்கரையில் தங்கி ஆடிச் சென்றனர்.

முதலாவது நிலத்தைப் பற்றிய செய்தி. இரண்டாவதை ஒட்டி எழுந்ததோ ஒரு பாட்டைப் பற்றிய வழக்கு. இவ்விரண்டிற்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். அந்தச் சம்பந்தத்தை உத்தேசித்தே இதை எழுதப் புகுந்தோம்.

ஒலிம்பியாடின் துவக்க விழா ஜூலை 28-ந் தேதி சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடைபெற்றது. பிரதம மந்திரியும் முதல் மந்திரியும் அமர்ந்திருந்த அச்சபையில், தமிழ்நாட்டின் கலைகளை அயலார்க்குக் காட்டும் பொருட்டுச் சில நிகழ்ச்சிகள் ஏற்பாடாகியிருந்தன. அவற்றுள் ஒன்று ‘எஞ்சாய் எஞ்சாமி’ என்னும் பாட்டு. அதைப் பாடகி தீ என்பாரும், நாட்டுப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் மேடையேறிப் பாடினர். அப்பாட்டை எழுதி, முதற்பதிவில் பாடியும் இருந்த அறிவு என்னும் இளைஞர் அந்த மேடையில் இல்லை. அவருடைய குரல் மாத்திரம் ஒலித்தது. நாலைந்து தினங்களுக்குள் அவர் தமது இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டார். அதன்மேல் எழுந்த வாதம் பல நாள் நீடித்தது. பாட்டென்றால் சினிமா என்றும், சினிமாவென்றால் நட்சத்திரம் என்றும் பழகிப்போன நம் நாட்டில், ‘பாட்டைச் செய்தவன் யார்?’ என்ற கேள்வி ஜனங்களின் வாயில் அடிபட்டது அபூர்வமான விஷயம். அதை மறந்துவிடலாகாது என்பது நமது கருத்து.

அறிவு அரக்கோணத்தைச் சேர்ந்தவர். கலைநேசன் என்பாரின் புதல்வர், இயற்பெயர் அறிவரசு. பொதுஜனங்கள் அவரை முதன்முதல் கண்டது 2018-ம் வருஷம் ஜனவரி மாதம் 6-ந் தேதி, சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். சினிமா டைரக்டர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் சங்கீதக்காரர் தென்மாவும் சேர்ந்து அமைத்த ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் கோஷ்டி அன்று அரங்கேறிற்று. பறையும் சட்டியும் ஒரு பக்கம், கிடாரும் மேனாட்டு மேளமும் மறுபக்கம். நடுவே வடசென்னைக் கானாப் பாடகர்கள். ‘சாதியற்றோர்’ எனப் பொருள்படும் அப்பெயருக்கு மூலம் பண்டித அயோத்திதாசர். சாதிபேதமற்ற திராவிடர் என்று தம் ஜனங்களை எண்ணிக்கைக் கணக்கில் பதியச் சொன்னவரின் வார்த்தை, நூறு வருஷங்களுக்கு மேல் கழித்து ஒரு பாட்டுக் கோஷ்டியின் பெயராகத் திரும்பி வந்தது.

அக்கோஷ்டியில் வசனத்திற்கும் பாட்டிற்கும் இடைப்பட்ட ஒரு முறையில், மூச்சுவிடாமல் எதுகை அடுக்கிப் பாடினவர் அறிவு. இம்முறையை ராப் என்கிறார்கள். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தின் ஏழை நீக்ரோ ஜனங்கள் வசித்த பிராங்க்ஸ் பகுதியில் 1970-க்களில் பிறந்தது. அன்னிய சரக்கென்று முகஞ்சுளிக்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வோம். ஹார்மோனியமும் பிடிலும் அன்னிய சரக்குகளே. தவிரவும், ஓசை குறையாமல் வேகமாய்ச் சொல்லடுக்குவது நமக்குப் புதிதன்று. வண்ணமும் சந்தமும் பாடிய பாஷை இது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதை சொல்லும் வேகத்தைச் செங்கற்பட்டு ஜில்லாவின் திரௌபதியம்மன் கோவில் வாசல்களில் விடிய விடியக் கேட்டவர்களுக்கு, இந்த ராப் ஒன்றும் பிரமாதமான அதிசயமாய்த் தோன்றாது.

2019-ம் வருஷம் அறிவு, ஆஃப்ரோ என்னும் இசையமைப்பாளருடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ என்றொரு பாட்டுத் தொகுதி வெளியிட்டார். எந்தச் சினிமாவிலும் சேராத, எந்த முதலாளிக்காகவும் எழுதப்படாத பாட்டுக்கள். அதே வருஷக் கடைசியில் குடியுரிமைச் சட்டத் திருத்தத்தை எதிர்த்து ஜனங்கள் வீதிக்கு வந்தபோது, அவருடைய ‘சண்ட செய்வோம்’ கூட்டங்களிலெல்லாம் பாடப்பட்டது. அப்பாட்டுக்களின் ராஜீய அபிப்பிராயம் எல்லோர்க்கும் ஒப்பாமலிருக்கலாம். அதைப் பற்றி இங்கு விவாதிக்கவில்லை. நாம் கவனிக்க விரும்புவது தொழில் விஷயம். இத்தகைய பாட்டுக்காரன் எதைக் கொண்டு ஜீவிக்கிறான்?

தமிழ்நாட்டில் இக்கேள்விக்கு நெடுங்காலமாக ஒரே விடைதான் இருந்து வந்தது. 1931-ல் ‘காளிதாஸ்’ வந்தது முதல், பாட்டெழுதுவோரும் மெட்டமைப்போரும் பாடுவோரும் ஒருவர் பின் ஒருவராய்ச் சினிமாக் கொட்டகைக்குள் சென்று சேர்ந்தனர். மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி விடியலில் பஜனை செய்துவந்த பாபநாசம் சிவனே அதற்கு விலக்கல்லர். தாமே பாட்டியற்றி, தாமே மெட்டமைத்து, தாமே பாடி வந்த அம்மகானும் ‘அசோக்குமார்’, ‘சிவகவி’ முதலிய படங்களுக்குப் பாட்டெழுதியே குடும்பத்தை நடத்த வேண்டியிருந்தது. நாடக மேடையைச் சார்ந்தோர் கதி இன்னும் மோசம். கதர் இயக்கத்துப் பாட்டுக்களைப் பாடிப் பலமுறை சிறை சென்ற விசுவநாததாஸ், 1940-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி சென்னையில், முருகன் வேஷத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே உயிர் நீத்தார். கடன்காரர் தொல்லையால் நொந்திருந்தவர். அவர் பிறந்த நாவிதக் குலத்தைக் காரணங் காட்டி, அவரோடு வள்ளி வேஷங்கட்ட மறுத்த நடிகைகளும் உண்டு. பாட்டைக் கேட்பதற்கு ஜாதி குறுக்கே நிற்பதில்லை. பாடினவனுக்குப் பக்கத்தில் நிற்பதற்குத்தான் நின்றது!

அறிவும் சினிமாவுக்குப் போகாமலில்லை. 2018-ல் ‘காலா’வில் நிலவுரிமையைப் பற்றிய ‘உரிமையை மீட்போம்’ பாட்டையும், 2021-ல் ‘மாஸ்டர்’ படத்தில் ‘வாத்தி ரெய்டு’ பாட்டையும் எழுதினார். அதில் குற்றங்காண மாட்டோம். சினிமாவில் சம்பாதித்ததைக் கொண்டு சுயேச்சையான பாட்டை எழுதுவது, பகலில் குமாஸ்தா வேலை பார்த்து இரவில் கதை எழுதிய நம் எழுத்தாளர்கள் செய்ததைப் போன்றதே. ஆனால் இக்காலத்தில் மூன்றாவது வழி ஒன்று திறந்திருக்கிறது. யூடியூப் முதலிய சாதனங்களில் பாட்டுக்காரன் தன் பாட்டைத் தானே வெளியிடலாம். தியேட்டர்க்காரனோ ரேடியோ நிலையத்தானோ சம்மதிக்க வேண்டியதில்லை. கேட்கிற ஒவ்வொரு தடவைக்கும் அற்பத்திலும் அற்பமான ஒரு தொகை சேர்கிறது. கோடிக்கணக்கானோர் கேட்டால் அந்த அற்பம் பெருந்தொகையாகும். அப்போதுதான் அது யாருக்குப் போய்ச் சேருகிறது என்ற சங்கடமான கேள்வியும் கிளம்பும்.

‘எஞ்சாய் எஞ்சாமி’ அப்படிக் கேட்கப்பட்ட பாட்டு. 2021-ம் வருஷம் மார்ச் மாதத்தில் ‘மாஜா’ என்னும் ஸ்தாபனத்தின் வாயிலாக வெளிவந்தது. அதற்குப் பின்னணியில் ஏ. ஆர். ரஹ்மானின் ஆதரவு இருந்தது. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். பாடினவர் தீயும் அறிவும். ஒரு வருஷத்திற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 40 கோடி தடவைக்கு மேல் அது பார்க்கப்பட்டது. தமிழ் அறியாத ஜனங்களெல்லாம் அதற்கு ஆடினர். அந்த ஆட்டத்தினிடையே, பாட்டின் உள்ளே ஒரு கிழவியின் சரித்திரம் இருக்கிறதென்பதை எத்தனை பேர் கவனித்தனரோ, தெரியாது.

அக்கிழவியின் பெயர் வள்ளியம்மாள். அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்து, பின்பு திரும்பிவந்து அரக்கோணத்தில் குடியேறினவர். ‘எஞ்சாமி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘என் சாமி’ என்பது அது. பண்ணையாள் பண்ணைக்காரனைப் பார்த்துக் கைகட்டிச் சொன்ன சொல்லும் அதுதான். பாட்டி பேரனைத் தூக்கிவைத்துக் கொஞ்சிச் சொல்லும் சொல்லும் அதுதான். ஒரே வார்த்தையில் அடிமைத்தனமும் அருமையும் கலந்து கிடக்கின்றன. பாட்டு, பண்ணைக்காரனிடமிருந்து அவ்வார்த்தையைப் பறித்துப் பேரனிடம் கொடுக்கிறது. நமக்குத் தெரிந்த வரையில் இக்காலத்துப் பாட்டெழுத்தில் இதைவிடச் சிக்கனமாய்ச் செய்யப்பட்ட காரியம் வேறில்லை.

வள்ளியம்மாளின் சரித்திரம் தனியொருவருடையதன்று. 1820-க்களில் ஆங்கிலத் துரைமார்கள் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டம் போடத் தொடங்கியபோது, தமிழ்நாட்டின் வறண்ட ஜில்லாக்களிலிருந்து ஆட்களைக் கங்காணிகள் திரட்டிச் சென்றனர். தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்தவர்களில் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மாண்டவர் எண்ணற்றவர். 1869-க்குப் பின் இலைநோய் கண்டு காப்பி அழிந்தது, தேயிலை வந்தது, ஆட்கள் மாறவில்லை. நூறு வருஷத்திற்கு மேல் அம்மலைகளைத் திருத்திய அந்த ஜனங்களை, சுதந்திரம் பெற்ற சில மாதத்திற்குள், 1948-ம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டத்தின் மூலம் இலங்கைச் சர்க்கார் நாடற்றோராக்கிற்று. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வதென்றும், மிகுந்த 1,50,000 பேர் விஷயம் பின்னால் தீர்மானிப்பதென்றும் கண்டது. 1974-ல் அந்த மிகுதியையும் பாதிப் பாதியாகப் பங்கிட்டனர். ஆடுமாடுகளைப் பாகப் பிரிவினை செய்வது போல் ஜனங்களைப் பங்கு போட்ட கணக்கு இது. அவர்களை யாரும் கேட்கவில்லை. மண்டபம் முகாமில் வந்திறங்கினவர்களுக்குத் தாயகத்தில் கையகல நிலமும் கிடையாது.

இனிச் செங்கற்பட்டுக்கு வருவோம். நிலமற்றவன் ஏன் நிலமற்றவனாயிருக்கிறான் என்பதைச் சர்க்கார் கடிதத்திலேயே எழுதிவைத்த ஜில்லா இது. 1891-ல் இங்கே கலெக்டராயிருந்த டிரெமன்ஹீர் என்னும் துரை, பறையர் நிலைமையைக் குறித்து ஒரு நீண்ட அறிக்கை தயாரித்தார். மிராசுதார்கள் தரிசு நிலத்தைப் பிறர் தரக்காஸ்து செய்ய விடாமல் தடுத்து வந்ததையும், சேரியிலுள்ள குடிசை மனையும் மிராசுதாருடையதாகையால் எதிர்த்துப் பேசினவன் மறுநாள் வீடிழப்பான் என்ற பயத்தையும் அவர் விளக்கினார். அதன் பலனாக 1892-ம் வருஷத்தில் சென்னை சர்க்கார் உத்தரவு பிறந்து, ஒடுக்கப்பட்டோர்க்கென்று நிலம் ஒதுக்கலாயிற்று. இதைப் பஞ்சமி நிலம் என்பர். மாகாணம் முழுவதிலும் 12 லட்சம் ஏக்கர் அளவு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதில் எவ்வளவு இன்று அவர்கள் கையிலிருக்கிறதென்று கேட்டால், அந்த உத்தரவைப் படித்தவர்கள் தலைகுனிய வேண்டியிருக்கும். 1994-ம் வருஷம், இந்த ஜில்லாவின் காரணைக் கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளர்ச்சி நடந்தது. அக்டோபர் 10-ந் தேதி செங்கற்பட்டில் போலீசார் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இரண்டு இளைஞர் இறந்தனர். இதே ஜில்லாவில் கோழியாளம் கிராமத்தில் பிறந்து, 1893-ல் பத்திரிகை தொடங்கி, 1930-ல் லண்டன் வட்டமேஜை மகாநாடு வரை சென்று வாதாடிய இரட்டைமலை சீனிவாசன் உயிரோடிருந்தால், நூறு வருஷ வாதம் துப்பாக்கியில் வந்து முடிந்ததைக் கண்டு என்ன சொல்லியிருப்பாரோ!

ஆகவே பூஞ்சேரியில் 2021-ல் வழங்கிய பட்டாவும், பூஞ்சேரிச் சதுரங்கத்திற்காக 2022-ல் பாடிய பாட்டும் ஒரே வழக்கின் இரண்டு தாஸ்தாவேஜுகள். நிலத்தைத் திருத்தினவன் பெயர் பட்டாவில் இல்லாமற் போவது எப்படி நேர்ந்ததோ, அப்படியே பாட்டைச் செய்தவன் பெயரும் போகக்கூடும் என்ற அச்சந்தான் அறிவின் அறிக்கையில் இருந்தது.

அவ்வறிக்கையில் அவர் சொன்னதன் சாரம் இது: பாட்டை அமைத்ததும் எழுதியதும் பாடியதும் தாமே, மெட்டோ ஒரு சொல்லோ ஒருவரும் தரவில்லை, ஆறு மாத காலம் உறக்கமின்றி உழைத்தார், பலர் கூடிச் செய்த வேலைதான், சந்தேகமில்லை, அதனால் அது வள்ளியம்மாளின் சரித்திரமாக இல்லாமற் போய்விடாது. சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். இசையமைப்பில் தமக்கும் தீக்குமுள்ள பங்கை எடுத்துரைத்தார். பாட்டின் வருமானமும் உரிமையும் மூவர்க்கும் சமமாகவே பகிரப்பட்டிருக்கின்றன என்றார். விழாவின்போது அறிவு அமெரிக்காவிலிருந்ததால் வரவியலவில்லை என்றார். தீயும், அறிவின் பங்கைத் தாம் ஒருபோதும் குறைத்ததில்லை என்று தெரிவித்தார்.

மெட்டு யாருடையதென்று வெளியில் நிற்கும் நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஓர் அறையில் மூவர் கூடிப் பாட்டுச் செய்யும்போது, எது எவர் வாயில் முதலில் வந்ததென்று அம்மூவரே பின்னால் ஒத்துச் சொல்வதில்லை. சங்கீத வித்துவான்கள் கூட்டத்தில் பழகினவர்கள் இதை அறிவார்கள். ஆனால் அறிவின் மனஸ்தாபத்தை அந்த ஒரு நாள் மேடையைக் கொண்டு மாத்திரம் அளப்பது நியாயமாகாது. அதற்கு முன்னமே இரண்டு தடவை இது நேர்ந்திருந்தது. டிஜே ஸ்னேக் என்னும் பிரெஞ்சு சங்கீதக்காரர் அப்பாட்டை மாற்றியமைத்து வெளியிட்டபோது, நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்து விளம்பரப் பலகையில் அவர் படமும் தீயின் படமுமே இருந்தன. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீயையும் ஷான் வின்சென்ட் டி பாலையும் போட்டு, அறிவை விட்டுவிட்டது. பா. ரஞ்சித் முதலானோர் கண்டித்த பிறகே அறிவின் படம் தாங்கிய வேறோர் அட்டை இணையத்தில் வெளிவந்தது. ஒரு தடவை விடுபட்டால் தவறு. மூன்று தடவையும் ஒரே ஆள் விடுபட்டால், தவறு என்ற சொல் போதுமா என்பதை வாசகர்களே யோசிக்கட்டும். விட்டவர்கள் எவரும் துவேஷத்தால் விட்டார்களென்று நாம் சொல்லவில்லை. எழுதினவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாட்டு நடக்கும் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது, அது போதும்.

2024 மார்ச்சில் கதை வேறு விதமாய்த் திரும்பிற்று. அந்தப் பாட்டிலிருந்து தமக்கோ, தீக்கோ, அறிவுக்கோ அதுவரை ஒரு காசும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே பகிரங்கமாய்ச் சொன்னார். ரஹ்மானும் இதில் பாதிக்கப்பட்டவரே என்றார். வெளியிட்ட ஸ்தாபனம் அக்குற்றச்சாட்டை மறுத்தது. இதிலும் உண்மை கணக்குப் புஸ்தகத்தில்தான் இருக்கிறது. நம் கையில் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் எதிரெதிரே நின்று அறிக்கை விட்டவர்கள், காசு விஷயத்தில் ஒரே வரிசையில் நின்றதை மாத்திரம் குறித்துக்கொள்வோம். உலகத்தார் நாற்பது கோடி தடவை கேட்டும், செய்தவர்களின் பங்கு எங்கே என்று பத்திரிகையில் கேட்க வேண்டியிருப்பது எந்த வியாபாரத்தில் நடக்கும்?

சட்டம் இல்லாமலில்லை. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ம் பிரிவு, உரிமையை முழுவதும் விற்றுவிட்ட பின்பும், ‘இதைச் செய்தவன் நான்’ என்று சொல்லிக்கொள்ளும் பாத்தியதை ஆசிரியனுக்கே உண்டென்கிறது. 2012-ல் வந்த திருத்தம், பாட்டெழுதினவனும் மெட்டமைத்தவனும் ராயல்டி பெறும் உரிமையை எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி செய்தது. எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. நல்ல சட்டம். ஆனால் சட்டத்தை நடத்துவதற்கு வக்கீல் வேண்டும். வக்கீலுக்குப் பணம் வேண்டும். பணத்துக்குப் பாட்டு வேண்டும். சுயேச்சையாய்த் தொழில் செய்கிறவன் இந்தச் சக்கரத்தில் எங்கே பிடித்து ஏறுவான்? அதனால்தான் இத்தகைய வழக்குகள் நியாயஸ்தலத்திற்குப் போவதில்லை; இன்ஸ்டாகிராமுக்குப் போகின்றன.

நமது தேசிய இயக்கத்தார்க்கு இவ்விஷயத்தில் அலட்சியம் கூடாது என்பதற்கு ஒரு காரணமுண்டு. நம் வீட்டிலேயே இது நடந்திருக்கிறது. 1907-ல் பாரதியாரின் தேசிய கீதங்கள் சிலவற்றை வி. கிருஷ்ணசாமி ஐயர் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாய் வழங்கினார். மிதவாதியான அவர் தீவிரவாதியின் பாட்டை அச்சிட்ட பெருந்தன்மை போற்றத்தக்கது. அப்பாட்டுக்களை ஊரெங்கும் பாடினார்கள். பாடினவர்கள் சிறை சென்றார்கள். எழுதினவரோ 1920-ல் கடையத்திலிருந்து நண்பர்களுக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்தார். தம் கையெழுத்துப் பிரதிகளை 40 புத்தகங்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட்டால், மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு விற்றுவிடலாமென்று கணக்குப் போட்டார். முதல் கேட்டார், எவரும் தரவில்லை. மறுவருஷம் செப்டம்பரில் மாண்டார். அவர் மாண்ட பிறகு அந்தப் பாட்டுக்கு விலை வந்தது! கிராமபோனுக்கும் சினிமாவுக்கும் பாடும் உரிமை கை மாறிக் கை மாறி, கடைசியில் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் சேர்ந்தது. டி. கே. எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது வழக்குக் கிளம்பிற்று. தேசம் சுதந்திரம் பெற்ற பின்பு, சுதந்திரத்தைப் பாடியவன் பாட்டை அனுமதியின்றிப் பாடலாகாது என்ற நிலைமை! பொதுஜனங்கள் கிளர்ந்தெழுந்தனர். 1949-ல் சென்னை சர்க்கார் அவ்வுரிமையை வாங்கியது. செட்டியாரும் தம்மிடமிருந்ததை விட்டுக்கொடுத்தார். பின்பு பாட்டுக்கள் பொதுச் சொத்தாயின. உலகத்தில் ஒரு கவியின் நூல்களைச் சர்க்கார் வாங்கி ஜனங்களுக்குக் கொடுத்தது புதுமை என்று அன்று கொண்டாடினோம். கொண்டாடியதில் பிழையில்லை. 1920-ல் விண்ணப்பத்துக்குப் பதில் போட்டிருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும்.

‘நாட்டுப் பாட்டுக்கு உடைமைக்காரன் ஏது? அது ஜனங்களுடையதல்லவா?’ என்று சில அன்பர்கள் கேட்கிறார்கள். ஒப்பாரியிலும் தாலாட்டிலும் வழங்கிய சொற்களை எடுத்துப் பாட்டுச் செய்தவர் எப்படித் தமதென்று பாத்தியதை கொண்டாடலாமென்பது அவர்கள் ஆட்சேபம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. இந்நாட்டில் பதினாயிரம் நாட்டுப் பாட்டுக்கள் உண்டென்றும், ஒவ்வொன்றிலும் முன்னோரின் மூச்சும் வேதனையும் இருக்கிறதென்றும் அறிவே எழுதியிருக்கிறார். ஆனால் ஜனங்களுடையது என்று சொல்லப்படும் சொத்து, அனுபவத்தில் யார் கைக்குப் போகிறது? மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்கப் போகிறவர்கள் கண்ணில் படுவன கல்லில் வெட்டிய அரசன் விருதுப் பெயர்களே. பெயரில்லாதது எல்லோர்க்கும் பொதுவாய் நிற்பதில்லை. மேடை யாருடையதோ அவருடையதாகிவிடுகிறது. வள்ளியம்மாள் பாடியது ஜனங்களுடையது என்பவர்கள், அந்த ஜனங்களில் வள்ளியம்மாளும் ஒருவர் என்பதை ஒப்புக்கொள்வார்களானால், நமக்கும் அவர்களுக்கும் விவகாரமில்லை.

அறிவு வழக்காடிக்கொண்டு காலங்கழிக்கவில்லை. ‘அம்பஸ்ஸா’ என்று சொந்தக் கோஷ்டி ஒன்றை அமைத்துக்கொண்டு மேடைகளில் பாடலானார். 2024-ல் அவர் வெளியிட்ட பாட்டுத் தொகுதிக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயர். முதற் பாகம் என்றும் போட்டிருக்கிறார். எந்த மேடையில் எவர் பாடினாலும், பாட்டியின் பெயரைச் சொல்லாமல் இத்தொகுதியின் பெயரைச் சொல்ல முடியாதபடி செய்துவிட்டார், கெட்டிக்காரர்தான்.

மாசி மகத்துப் பௌர்ணமியில் செங்கற்பட்டு, வடவார்க்காடு, தென்னார்க்காடு முதலிய பல இடங்களிலிருந்தும் இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து கூடுவது வழக்கம். புடவைகளை நட்டுக் கூடாரமிட்டு, மணலில் மேடை கட்டி, கன்னியம்மனைக் கும்பிட்டு, விடியுமட்டும் பாடுகிறார்கள். கலியாணமும் அங்கேயே நடக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் கையில் டெலிபோனை வைத்துக்கொண்டு பாட்டைப் பிடித்துச் செல்கிறார்கள். அவற்றுள் ஒன்று நாளைக்கு எங்கேனும் ஒரு ஸ்டூடியோவில் நுழைந்து கோடி பேர் கேட்கும் பாட்டாகலாம். நம் வாசகர்களில் சங்க ஊழியஞ் செய்வோர் பலர் உண்டு. அடுத்த மகத்துக்குச் செல்வோர், பாட்டோடு, பாடினவரின் பெயரையும் ஊரையும், அவர் யாரிடமிருந்து கற்றாரென்பதையும், பெயர் வெளியிட அவருக்குச் சம்மதந்தானா என்பதையும் கேட்டு ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வருவார்களாக. பென்சில் போதும்.